எறும்புகளைக் குடியேற்றிய வங்கியாளர்: சேர் ஜோன் லபொக்



கடந்த தவணையில் எமது வகுப்பு மாணவன் ஒருவன் கண்ணாடிக் குழாய் ஒன்றினுள் ஓர் அரசி எறும்பையும் அதன் இருபது பிள்ளைகளையும் பள்ளிக்குக் கொண்டுவந்தான். பிறந்தநாட் பரிசாகக் கிடைத்த புதிய எறும்புக்கூடு வீட்டில் ஆயத்தமாக இருக்கிறதாம்; மூன்று வாரமாகியும் எறும்புகள் அதனுள் செல்ல மறுக்கின்றனவாம். குழாயைத் தட்டினால் போகுமா, ஊதினால் போகுமா என்று எம்மிடம் கேட்டான். தமிழ் கற்பிக்க வந்த எமக்கு உடனே விடை கூற இயலவில்லை. ஆயினும் ஊரில் விஞ்ஞானமும் கற்பித்தவர் நாம்; தெரியாது என்று சொல்லிவிட்டுப் பேசாதிருக்க மனம் இடந்தரவில்லை. தேடிப் படித்தோம். 140 ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வினாவுக்கு விடை கண்ட ஒருவரின் வாழ்க்கை எமக்குக் கிடைத்தது.

ஜோன் லபொக் 1834ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி இலண்டனிலே பிறந்தார். தந்தையார் வங்கியாளர், வானியலிலும் கணிதத்திலும் வல்லவர். குடும்பம் கெண்ட் மாநிலத்தில் டவுண் என்னும் சிற்றூரின் அருகே குடியேறியது. 1842இல் ஒருநாள் தந்தையார் தம் மகனிடம், மகிழ்ச்சியான செய்தி ஒன்று உண்டு என்றார். எட்டு வயதுச் சிறுவன் தனக்கு ஒரு குதிரைக்குட்டி வரப்போகிறதென்று எண்ணித் துள்ளினான். வந்ததோ குதிரைக்குட்டி அன்று. சாள்ஸ் டார்வின் என்னும் அறிஞர் அவ்வூரில் வசிக்க வருகிறார் என்பதே செய்தி. சிறுவனின் முகம் வாடிவிட்டது. ஆனால் அந்த அயலவரே அவனுக்கு ஆசானாகவும் ஆயுட்கால நண்பராகவும் விளங்கினார். 1882இல் டார்வினின் உடலைச் சுமந்து சென்றோருள் லபொக்கும் ஒருவர்.

புகழ்பெற்ற ஈட்டன் பள்ளியில் பயின்ற லபொக், பதினான்கு வயதளவில் படிப்பை நிறுத்தி வங்கிப் பணியில் அமர்த்தப்பட்டார். பல்கலைக்கழகத்தில் மாணவராக அவர் பயின்றதேயில்லை. வைகறையில் எழுந்து, வங்கிக்குச் செல்லுமுன் தாமாகவே கற்றார். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று நாம் இன்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கும் பாகுபாட்டுக்குரிய பெயர்களை 1865இல் தமது நூலொன்றில் வழங்கியவர் அவரே. 1870இல் பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டிலேயே வங்கி விடுமுறைச் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். ஓய்வு பெற்ற மகிழ்ச்சியில் மக்கள் அந்நாளைப் புனித லபொக்கின் திருநாள் என்று வேடிக்கையாக அழைத்தனர். இங்கே சிட்னியில் ஓகஸ்ட் மாதத்து முதலாம் திங்களன்று வங்கி ஊழியர்க்குக் கிடைக்கும் விடுமுறை அந்த வழியில் வந்ததே. எம்மூர் நாட்காட்டிகளிலும் வங்கி விடுமுறை என்று அச்சிட்டிருப்பதைப் பெற்றோர் மறந்திரார்.

இத்தனை அலுவல்களுக்கும் இடையில் அவர் தம் அறையிலே எறும்புகளை வளர்த்தார். அவரது எறும்பு வீடு மிக எளிது. சதுரமான இரு கண்ணாடித் தகடுகள். அவற்றுக்கிடையே எறும்பு நடமாடப் போதுமான மெல்லிய இடைவெளி. அதனுள் ஈரமான நுண்மண். மேலே வெளிச்சம் புகாத மூடி. சுற்றிலும் எறும்பு தப்பாதவாறு ஒரு நீரகழி. தோட்டத்தில் ஒரு புற்றைத் தோண்டி, எறும்பும் மண்ணும் கலந்தபடியே கொண்டுவந்து அந்தக் கண்ணாடி வீட்டின்மேல் இடுவார். அதன்பின் அவர் செய்தது காத்திருந்தது ஒன்றே. வெளியே கிடந்த பழைய மண் நாளுக்கு நாள் காய்ந்தது. கண்ணாடிகளுக்கிடையே இருந்த மண்ணோ ஈரங்குன்றாதிருந்தது. எறும்புகள் தாமாகவே அவ்வேறுபாட்டை உணர்ந்து, சிறிது சிறிதாக உள்ளே குடிபெயர்ந்து, சுரங்கமும் அறைகளும் அகழ்ந்தன. காய்ந்து கைவிடப்பட்ட மண்ணை மட்டும் அவர் மெல்ல அகற்றினார். ஓரெறும்பையேனும் அவர் விரட்டவில்லை.

இவ்விடத்தில் சிறிது நின்றே நாம் மேலே படித்தோம். வன்னியில் ஒரே இரவில் பள்ளிக்கூடத்தையும் பதிவேடுகளையும் விட்டு வெளியேறியவர்க்கு, பழைய மண் காயும்வரை காத்திருந்த ஒருவரைப் பற்றிப் படிப்பது எளிதன்று.

எறும்பு இருளை நாடும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் எறும்பின் இருள் எமது இருள் அன்று எனக் காட்டியவர் லபொக். கூட்டின்மீது பல நிறக் கண்ணாடிகளை வைத்தபோது, எறும்புகள் ஊதா நிறத்தை விலக்கிச் சிவப்பின்கீழ்த் திரண்டன. வானவில்லின் நிறங்களைக் கூட்டின்மேல் விழச் செய்தபோது, ஊதாவுக்கும் அப்பால், எமது கண்ணுக்கு வெறும் இருளாகத் தோன்றும் இடத்திலிருந்தும் கூட்டுப்புழுக்களைத் தூக்கிக்கொண்டு விலகின. தண்ணீர்போல் தெளிந்த, ஆனால் ஊதாக் கடந்த கதிர்களைத் தடுக்கும் திரவமொன்றை மேலே வைத்தார். எமக்கு வெளிச்சமாய்த் தோன்றும் அதன் அடியில் எறும்புகள் நிழலென்று ஒதுங்கின. பிள்ளைகளைச் சுமப்பதில் அவை காட்டும் ஊக்கத்தையும் அளந்தார். ஓரெறும்பு காலை 6 மணி முதல் இரவு 10 மணியை அண்மிக்கும்வரை ஓயாது நடந்து 187 குடம்பிகளைக் கூட்டுக்குச் சுமந்து சென்றது. வங்கி முதலாளி அதை முழுநாளும் எண்ணிக் குறித்திருக்கிறார்!

இன்னொன்றும் உண்டு. ஒரு கூட்டு எறும்புகள் அந்நியரைத் தாக்கும்; தம்மவரை ஏற்கும். எவ்வாறு அறிகின்றன? இரகசியச் சைகை ஏதும் உண்டோ என்று அக்காலத்தார் ஐயுற்றனர். லபொக் ஒரு கூட்டை இரண்டாகப் பிரித்து, ஓராண்டும் ஒன்பது மாதமும் கழிந்தபின் சேர்த்தார், சண்டை எழவில்லை. கூட்டுப்புழுக்களைப் பிரித்தெடுத்து, வேற்றுக் கூட்டு எறும்புகளைக் கொண்டு வளர்ப்பித்து, பிறந்த கூட்டில் விட்டார். தம் கூட்டை ஒருநாளும் கண்டிராத அவற்றுட் பெரும்பாலானவை உறவாகவே ஏற்கப்பட்டன. காரணத்தை அவரால் முற்றாகக் கண்டறிய முடியவில்லை. உடலின்மேல் படிந்துள்ள மெழுகுப் பொருளின் மணமே அடையாளம் என்பது பின்னர் தெளிவாயிற்று. அதில் பிறப்பால் வருவதும் உண்டு. கூடி வாழ்வதால் படிவதும் உண்டு. பெற்றோர் சிலர் இப்பகுதியை இருமுறை படிப்பர் என நினைக்கிறோம்.

1874 டிசம்பரில் அவர் கொண்டுவந்த இரு அரசி எறும்புகளுள் ஒன்று 1887 யூலை வரையும், மற்றையது 1888 ஓகஸ்ட் 8 வரையும் வாழ்ந்தன. இரண்டாவது அரசிக்கு அப்போது ஏறத்தாழ 15 வயது. எறும்பு இத்துணைக் காலம் வாழுமென்று அதற்குமுன் எவரும் எண்ணியிருக்கவில்லை. 1882இல் வெளிவந்த அவரது எறும்பு, தேனீ, குளவி பற்றிய நூல் பலமுறை பதிப்பிக்கப்பட்டது. ஏவ்பரி என்னும் ஊரின் பழங்காலக் கல்வட்டம் அழியாதிருக்க அங்கே நிலம் வாங்கிக் காத்தமையால், 1900இல் பிரபுப் பட்டம் பெற்றபோது அவ்வூர்ப் பெயரையே சூடிக்கொண்டார். 1913 மே 28ஆம் திகதி காலமானார்.

மாணவனுக்கு நாம் கூறியது இவ்வளவே: குழாயைத் தட்டாதே, ஊதாதே. புதிய கூட்டை ஈரமாக்கி, சிவப்புத் தாளால் மூடு. குழாயை வெளிச்சத்தில் வைத்துக் காயவிடு. இரண்டையும் இணைத்துவிட்டுப் பொறுத்திரு. இம்மலர் அச்சுக்குச் செல்லும் வேளையில், எட்டு எறும்புகள் புதிய கூட்டிலும், அரசியும் மற்றையவையும் பழைய குழாயிலும் உள்ளனவென்று அவனது தாயார் தொலைபேசியில் அறிவித்தார்.