லேவன்ஹூக்

ஹாலந்து தேசத்து டெல்ப்ட் நகரில் 1632-ம் வருஷம் பிறந்த லேவன்ஹூக் ஒரு ஜவுளி வியாபாரி. லத்தீன் அறியார், சர்வகலாசாலையில் பயின்றவருமல்லர். தாமே செய்த பூதக்கண்ணாடிகளின் வழியே, நீர்த்துளியில் எண்ணிறந்த சிற்றுயிர்கள் திரியக் கண்டு, 1676-ல் லண்டன் ராயல் சங்கத்துக்குத் தம் டச்சு பாஷையிலேயே எழுதினார். பண்டிதர்கள் ஐயுற்றனர். தக்கையின் நுண்ணறைகளுக்கு 1665-ல் ‘செல்’ என்று பெயரிட்ட ராபர்ட் ஹூக், 1677-ல் தாமும் சோதித்து, அது மெய்யென்று சங்கத்தாருக்குக் காட்டினார். 1680-ல் சங்கம் லேவன்ஹூக்கை அங்கத்தினராக்கிற்று. தாய்பாஷையில் சாஸ்திரம் நடவாதென்போர் இதற்கு யாது விடை பகர்வர்?

எனினும், சிறந்த வில்லைகளைச் செய்யும் வித்தையை 1723-ல் காலமாகும்வரை அவர் மறைத்தே வைத்ததை நாம் குற்றமென்றே கருதுகிறோம். பொருளை ஏறக்குறைய 270 மடங்கு பெருக்கிக் காட்டும் அவரது வில்லையொன்று, ஹூக் முன்னமே அச்சிட்டு வெளியிட்ட முறைப்படி செய்யப்பட்டதென 2021-ல் வெளியான ஆராய்ச்சி காட்டுகிறது!