பாப்பான் ஊர் மிஸ்ஸி

சப்பான்காரன் காலம் என்றதும் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நினைவு வந்தது மரவள்ளிக் கிழங்கும் சயாம் ரயில் பாதையும்தான். பிடித்துக்கொண்டு போன பல்லாயிரம் தமிழர்கள் திரும்பி வரவில்லை. அதே காலத்தில் நம் பேராக்கில் ஓர் அம்மா பட்ட பாட்டை இன்று பார்ப்போம்.

சிபில் கார்த்திகேசு 1899-ல் சுமத்ராவின் மேடானில் பிறந்தவர். யூரேசியக் குடும்பம். நர்ஸ் படிப்புப் படித்து, 1919-ல் தமிழரான டாக்டர் கார்த்திகேசுவைக் கட்டிக்கொண்டார். 1926 முதல் ஈப்போ புரூஸ்டர் ரோட்டில் இருவரும் கிளினிக் நடத்தினார்கள். கன்டனீஸ் பாஷை அம்மாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் சீனர்களும் தேடி வந்தார்கள்.

1941 டிசம்பரில் சப்பான் படை நெருங்கியதும் குடும்பம் பூசிங் பக்கத்திலுள்ள பாப்பான் ஊருக்குப் போனது. ஈயச் சுரங்க ஊர் அது. மெயின் ஸ்திரீட் 74-ம் எண் கடைவீட்டில் மருந்து கொடுத்தார்கள். பகலில் ஊர் ஜனங்கள் வந்தார்கள். இரவில் பின்கதவு வழியாக வந்தவர்கள் வேறே ஆட்கள்! காட்டிலிருந்து சப்பானை எதிர்த்த கெரில்லாக்கள். கம்யூனிஸ்டுகள் நடத்திய படை. குண்டடி பட்டவனுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வீட்டில் வானொலிப் பெட்டியையும் ஒளித்து வைத்து லண்டன் செய்தி கேட்டார் அம்மா. அகப்பட்டால் தலை போகும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மா பிரிட்டிஷ் ஆட்சிக்கு விசுவாசமானவர். வெள்ளைக்காரனும் அந்நியன்தானே என்று நம்மவர் கேட்கலாம். கேட்டார்களே! 1943-ல் நேதாஜி வந்தபோது இந்திய விடுதலைக்காகத் தோட்டத்துப் பிள்ளைகள் சப்பான் துணையோடு ஆயுதம் எடுத்தார்கள். அவர்களைத் துரோகி என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. காட்டுப் படையும் சுத்தமில்லை. காட்டிக்கொடுத்தான் என்ற சந்தேகத்திலேயே பலரைக் கொன்றார்கள். ஆனால் காயத்தோடு வாசலில் நிற்பவனை எந்தக் கட்சி என்று கேட்டா மருந்து போடுவது? அந்த வகையில் நம் மனசு அம்மா பக்கம்தான்.

1943-ல் கெம்பித்தாய் போலீஸ் கணவரையும் அவரையும் பிடித்தது. அடி, உதை. யோஷிமுரா என்ற சார்ஜன்ட் சின்ன மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டச் செய்தான். கெரில்லாக்களின் பெயரைச் சொன்னால் பிள்ளை பிழைக்கும். சொன்னால் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் சாகும். அம்மா சொல்லவில்லை. மேலதிகாரி ஒருவர் குறுக்கிட்டதால் பிள்ளை தப்பியது. பெற்றவள் இப்படிச் செய்யலாமா? பிள்ளை பெற்ற நமக்கு இதற்குச் சட்டென்று பதில் வரவில்லை.

ஆயுள் தண்டனை கொடுத்து பத்து காஜா சிறையில் போட்டார்கள். 1945-ல் வெளியே வந்தபோது நடக்க முடியாத நிலை. சிகிச்சைக்கு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஜார்ஜ் பதக்கமும் கிடைத்தது. யோஷிமுராவுக்குத் தூக்கு.

தாடையில் பட்ட பழைய உதையின் காயம் விடவில்லை. 1948 ஜூன் 12-ல் ஸ்காட்லாந்தில் உயிர் பிரிந்தது. நான்கே நாளில், ஜூன் 16-ல், சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. அம்மாவுக்குப் பதக்கம் தந்த அதே அரசு, அவர் கட்டுப் போட்டு அனுப்பிய படையின் ஆட்களைக் காட்டில் வேட்டையாடியது.

1949-ல் அவர் உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை ஒட்டி அடக்கம் செய்தார்கள். எல்லா இனத்து ஜனங்களும் பெருங்கூட்டமாகப் பின்னால் நடந்தார்கள்.