ஜென்னி லிண்ட் அம்மையார்

மக்கள் யாக்கையில் அமைந்துள்ள கருவிகள் பலவற்றுள்ளும் மிடறு பெரிதும் வியக்கத்தக்கதாகும். யாழ் பழுதுற்றால் தச்சன் செப்பனிடுவான். நரம்பு அறுந்தால் வேறு நரம்பு பூட்டலாம். மிடறு பழுதுற்றாலோ மற்றொன்று வாங்குதற்குக் கடையில்லை. ஆதலின், பாடலையே பிழைப்பாகக் கொண்டோர், நாடோறும் முதலையே எடுத்துச் செலவிட்டு வாழும் வணிகரை ஒப்பர். அம்முதலை இளமையிற் பிறர் செலவிட விட்டு, ஏறக்குறைய முழுவதும் இழந்து, அரிதின் முயன்று மீட்டு, மீட்டதனாற் பெற்ற பொருளைப் பிறர் மக்களுக்குப் பெரிதும் வழங்கிய ஓர் அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஸ்வீடன் தேசத்து இராக்குயில் எனப் பெயர்பெற்ற ஜென்னி லிண்ட் என்பவரே அவ்வம்மையார்.

முதற்கண், அவர் பயின்ற கலையின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நம் நாட்டுச் சங்கீத நாடகங்களிற் பாட்டும் வசனமும் விரவி வரும். ஐரோப்பியர் ஆப்பெரா என்று வழங்கும் இசைநாடகத்திலோ, பெரும்பாலும் தொடக்கமுதல் இறுதிவரை பாட்டே. பாடுவோர் நடித்தலும் வேண்டும். ஒலிபெருக்கி தோன்றாத அக்காலத்தில், பெருந்திரளான வாத்தியங்களின் முழக்கத்தையும் கடந்து, அரங்கின் கடைசி வரிசையில் இருப்பார்க்கும் எட்டுமாறு பாடுதல் வேண்டும். இஃது எத்துணை வன்மையை வேண்டும் என்பதும், முறையறியாது முயல்வார் குரல் எத்துணை விரைவிற் கெடும் என்பதும் கூறாமலே விளங்கும்.

பிறப்பும் இளமையும்

ஜென்னி 1820-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 6-ஆம் நாள் ஸ்வீடன் தேசத்துத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமிற் பிறந்தார். தாயார் சிறுமியர்க்குப் பள்ளி நடத்தியவர். தந்தையார் கணக்கெழுதும் தொழிலினர். அவர் பிறந்த ஞான்று அவ்விருவரும் மணம்புரிந்திலர். மகள் பதினான்கு வயதெய்திய பின்னரே முறைப்படி மணந்துகொண்டனர். இத்தகைய பிறப்பு அக்காலத்து அந்நாட்டிலும் இழுக்காகவே கருதப்பட்டது. வீட்டில் வறுமை, தாயாரோ கடுமை மிக்கவர். குழந்தை சில ஆண்டுகள் பிறர் இல்லத்தும், பின்னர்ப் பாட்டியாரிடத்தும் வளர்ந்தது.

ஒன்பது வயதாக இருக்கும்போது, ஜென்னி வீட்டுச் சன்னலருகே தன் பூனையோடு அமர்ந்து பாடிக்கொண்டிருப்பது வழக்கம். அரசாங்க நாடகசாலையின் ஆடல்மகளார் ஒருவரிடம் பணிபுரிந்த பெண் அவ்வழியே சென்றபோது அப்பாடலைக் கேட்டுத் தன் தலைவியிடம் போய் உரைத்தாள். அவர் குழந்தையை வருவித்துக் கேட்டு வியந்து, நாடகசாலை இசையாசிரியரிடம் அனுப்பினார். நாடகசாலைத் தலைவரோ, இத்துணைச் சிறு குழந்தையைக் கொண்டு யாது பயன் என்று எண்ணி, முதலிற் கேட்கவும் உடன்பட்டிலர். ஆசிரியர் வற்புறுத்தவே கேட்டார். கேட்டபின் தடையொன்றும் சொல்லிலர். நாடகசாலையின் செலவிலேயே ஜென்னிக்கு உணவும் உடையும் அமைந்தன. இசை, நடனம், எழுத்து, கணக்கு, சரித்திரம் ஆகியன கற்பிக்கப்பட்டன.

பத்து வயது முதலே மேடையேற்றம் தொடங்கிற்று. ஊரார் குழந்தையின் திறம் கண்டு மகிழ்ந்தனர். ஆயின், பன்னிரண்டாம் வயதை ஒட்டி மேற்குரல் மங்கத் தொடங்கிற்று. பெரியோர் அதனைப் பருவத்தின் இயல்பென்று கருதினர். குரல் ஒருவாறு திரும்பிற்று. 1838-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7-ஆம் நாள், வெபர் என்பார் இயற்றிய டெர் ஃப்ரைஷூட்ஸ் என்னும் இசைநாடகத்தில் அகாதே என்னும் தலைவியாக ஜென்னி தோன்றினார். அன்று தாம் யாரென்பதைத் தாமே உணர்ந்ததாகக் கருதி, அந்நாளைத் தம் இரண்டாம் பிறந்த நாளாக வாழ்நாள் முழுதும் போற்றினார். 1840-இல் அரச இசைக்கழகத்தின் உறுப்பினராகவும் அரசவைப் பாடகராகவும் ஆனார். அப்போது அவருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை.

குரல் இழந்ததும் மீட்டதும்

புகழ் வளர வளரக் குரல் தேய்ந்தது. நாடகசாலையில் அடுத்தடுத்துப் பெரிய வேடங்கள். விடுமுறையில் ஊரூராய்க் கச்சேரிகள். இயற்கைக் குரலின் வளத்தால் பாடினாரேயன்றி, மூச்சை அடக்கவும் சுரங்களை வருத்தமின்றி எழுப்பவும் அவருக்கு முறையாகக் கற்பித்தார் இலர். நடுத்தானத்துச் சுரங்கள் கம்மின. உள்ளூரார் கைதட்டலைக் கேட்டு மயங்காமல் தம் குறையைத் தாமே உணர்ந்தது அம்மையாரின் பெருமை. தாம் ஈட்டிய பொருளைக்கொண்டு 1841-இல் பாரிஸ் நகரஞ்சென்று, மானுவேல் கார்ஸியா என்னும் பேராசிரியரை அடைந்தார். இவரே பிற்காலத்து, 1854-இல், சிறு கண்ணாடிகளைக்கொண்டு பாடுவோர் மிடற்றின் உள்ளே குரல்நாண்கள் அசையும் முறையைக் கண்டவர்.

கார்ஸியா ஒரு பாட்டைப் பாடச்செய்து கேட்டார். குரல் கெட்டொழிந்தது என்று ஒளியாமற் கூறினார். நாட்டின் முதற் பாடகர் எனப் பெயரெடுத்த ஓர் இளம்பெண்ணுக்கு அச்சொல் எத்துணை வேதனை செய்திருக்கும்! எனினும் அம்மையார் திரும்பிப் போகவில்லை. மாணவியாக ஏற்றல் வேண்டுமென்று இரந்தார். ஆசிரியர் விதித்த முதற்பாடம் மௌனம். வாரக்கணக்காகப் பாடலாகாது, பேசுதலும் இயன்றவரை குறைத்தல் வேண்டும். அவ்விரதம் முடிந்து மீண்டும் சென்றபோது, குரலிற் சிறிது உயிர் தோன்றியது கண்டு ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். பின்னர்ப் பத்து மாத அளவு பயிற்சி நடந்தது. நம் நாட்டுப் பாடகர் அகாரசாதகம் செய்வதுபோல, அரசவைப் பாடகராயிருந்த அவர் தொடக்க மாணவரைப் போன்று சுரவரிசைகளை மெல்ல மெல்ல ஏற்றியும் இறக்கியும் நாடோறும் பயின்றார். 1842-இல் ஸ்டாக்ஹோம் திரும்பி, பெல்லினியின் நார்மா என்னும் நாடகத்திற் பாடியபோது, கேட்டார் பழைய குரலினும் சிறந்ததொரு குரலைக் கேட்டனர். நடுச்சுரங்கள் சிலவற்றில் மட்டும் பழைய கம்மல் சிறிது எஞ்சிற்று. அதனையும் திறமையால் மறைத்துப் பாடினார்.

பிள்ளைகளுக்குக் கற்பித்தலே தொழிலாகவுடைய யாம் இவ்விடத்துச் சற்றே நின்று ஒன்று கூற விரும்புகின்றோம். இளம்பிள்ளையிடம் ஒரு திறமை தோன்றின், அதனை உடனே நாலு பேர் முன் காட்டிப் புகழ்பெற நினைத்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இயல்பு. காய் முற்றுமுன் பறித்தால் கனியும் இல்லை, விதையும் இல்லை. ஜென்னிக்கு ஒரு கார்ஸியா கிடைத்தார். கிடையாது அழிந்த குரல்கள் எத்தனையோ!

புகழும் துறவும்

இதன்பின் வந்த ஏழாண்டுகள் வெற்றியாண்டுகள். 1843-இல் டென்மார்க்கிற் பாடினார். குழந்தைக் கதைகளால் உலகறிந்த ஆண்டர்சன் அவர்பாற் காதல்கொண்டார், அக்காதல் நிறைவேறவில்லை. எனினும் அவ்வாண்டிலேயே அவர் எழுதிய இராக்குயில் பற்றிய கதைக்கு இவர் பாடலே தூண்டுகோல் என்பர். 1844-இல் பெர்லின் நகரமும், 1845-இல் லைப்ஸிக் நகரமும் அவர் பாடலைக் கேட்டன. லைப்ஸிக்கில் இசைப்புலவர் மெண்டெல்ஸோன் உற்ற நண்பரானார். தம் எலியா என்னும் பெரும்பாடலின் பெண்குரற் பகுதியை இவர் குரலை நினைந்தே அமைத்தார். 1847-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் லண்டனில் முதன்முதற் பாடியபோது விக்டோரியா இராணியாரும் வந்திருந்தார். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் வெர்டி லண்டனுக்கென்றே இயற்றிய ஈ மஸ்னதியேரி என்னும் நாடகத்திலும் இவரே தலைவி.

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் மெண்டெல்ஸோன் இறந்தார். நண்பருக்குக் கற்சிலை எடுப்பதை அம்மையார் முதன்மையாகக் கொள்ளவில்லை. 1848-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டனில் எலியாவைப் பாடி, அதில் வந்த ஆயிரம் பவுனைக்கொண்டு இசை மாணவர்க்கு உபகாரச் சம்பளம் ஏற்பட வழிசெய்தார். 1856-இல் அதனை முதலிற் பெற்றவர் பதினான்கு வயதுச் சிறுவரான ஆர்தர் ஸல்லிவன். அவர் பின்னர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற இசைப்புலவரானார். நார்விச் நகரில் 1849-இல் நடந்த கச்சேரிகளின் ஊதியம் பிணியுற்ற குழந்தைகளுக்கு ஓர் மருத்துவசாலையாயிற்று.

புகழின் உச்சியில் நின்றபோதே, 1849-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாளோடு, இசைநாடக மேடையை அவர் முற்றும் துறந்தார். அப்போது வயது இருபத்தெட்டு. மேடையேறும் மகளிரை ஒருபடி தாழ்வாக எண்ணும் வழக்கம் அக்காலத்து ஐரோப்பாவிலும் இருந்தது. அம்மையாரின் சமயப்பற்றும், வேடம் புனைந்து வாழும் வாழ்விற் பிறந்த சலிப்பும் காரணமென்பர். எங்ஙனமாயினும், பின்னர் எத்துணைப் பொருள் தருவதாகக் கூறியும் அம்மேடைக்கு அவர் மீண்டிலர். கச்சேரியும் சமயப் பாடலுமே அவர் தொழிலாயின.

அமெரிக்கப் பயணம்

நியூயார்க்கில் விந்தைப் பொருட்காட்சி நடத்திப் பொருளீட்டிய பார்னம் என்பார், அம்மையாரின் பாடலை ஒருமுறையும் கேட்டறியாதவராயிருந்தும், 150 கச்சேரிக்குக் கச்சேரி ஒன்றுக்கு ஆயிரம் டாலர் வீதம் தர ஒப்பந்தம் செய்தார். உடன்வந்த வாத்திய நடத்துநர்க்கும் ஆண்பாடகர்க்கும் உரியதையும் சேர்த்து 187,500 டாலரை முன்னதாகவே லண்டனிற் கட்டச்செய்த பின்னரே அம்மையார் கப்பலேறினார். இதனைப் பேராசை என்று சிலர் இகழ்ந்தனர். தாய்நாட்டு ஏழைப்பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் ஏற்படுத்தப் பொருள் வேண்டுமென்பதே அவர் கருத்து. அறஞ்செய்ய விழைவார் கணக்கில் விழிப்பாயிருத்தல் குற்றமன்று. விழிப்பில்லாதார் தொடங்கிய அறங்கள் இடையில் நின்றுபோதலை நாம் காண்கின்றோம்.

1850-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் நாள் அவர் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது, பார்னமின் விளம்பரத்தால் ஆயிரக்கணக்கானோர் கூடினர். அனுமதிச் சீட்டுகள் ஏலத்தில் விடப்பட்டன. தொப்பி வணிகர் ஒருவர் முதற்சீட்டை 225 டாலருக்கு எடுத்தார். அவ்விளம்பரமே புகழுக்குக் காரணம் என்பார் கூற்றுப் பொருந்தாது. பெர்லினும் லண்டனும் வியந்தபோது பார்னம் அங்கிலர். முதற்கச்சேரியில் தம் பங்காக வந்த ஏறக்குறைய பதினாயிரம் டாலரையும் அந்நகரத்து அறநிலையங்களுக்கே அளித்தார்; அவற்றுள் தீயணைப்போர் நிதிக்கு மட்டும் மூவாயிரம் டாலர். பார்னம் எழுதிவைத்த கணக்கின்படி மொத்த வரவு 712,161 டாலர். அம்மையார் அடைந்தது 176,675 டாலர். ஆரவார விளம்பரம் நாளடைவில் அவருக்கு வெறுப்பாயிற்று. 1851-இல் ஒப்பந்தத்திற் கண்டபடி ஈட்டுத்தொகை செலுத்தி விலகி, தாமே கச்சேரிகள் நடத்தினார். 1852-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5-ஆம் நாள், தமக்குப் பியானோ வாசித்த ஓட்டோ கோல்ட்ஷ்மிட் என்பவரைப் பாஸ்டன் நகரில் மணந்தார். கணவர் அவரினும் ஒன்பதாண்டு இளையர்.

பிற்கால வாழ்வும் முடிவும்

ஐரோப்பாவிற்கு மீண்டு, சில ஆண்டு டிரெஸ்டனிலும், 1858 முதல் இங்கிலாந்திலும் மூன்று மக்களோடு இல்லறம் நடத்தினார். 1875-இல் கணவர் லண்டனிற் பாக் இசைக்குழுவை நிறுவியபோது, ஒருகாலத்து இரண்டு கண்டங்களைத் தம் தனிக்குரலால் ஆண்ட அம்மையார், அக்குழுவிற் பலருள் ஒருவராய் நின்று பாடினார். பெண்குரலார்க்குப் பயிற்சியும் அளித்தார். 1883-இல் லண்டன் அரச இசைக் கல்லூரி தொடங்கியபோது அங்கே ஆசிரியராக அமர்ந்தார். கார்ஸியாவிடம் தாம் பெற்றதை இளையோர்க்குக் கொடுத்தல் அவர்க்குக் கடனாயிற்று.

1887-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2-ஆம் நாள் மால்வெர்ன் மலையடுத்த தம் இல்லத்தில் அம்மையார் உயிர்நீத்தார். அவர் செல்வத்திற் பெரும்பகுதி ஸ்வீடன் நாட்டு ஏழை மாணவரின் கல்விக்குச் சென்றது. 1894-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் நினைவுக்கல் நாட்டப்பெற்றது. 1996-இல் ஸ்வீடன் அரசினர் வெளியிட்ட ஐம்பது குரோனா நோட்டு அவர் உருவத்தைத் தாங்கி இருபதாண்டுக் காலம் வழங்கிற்று.

அவர் பாடலை நாம் கேட்டற்கு இசைத்தட்டு ஒன்றும் இல்லை. காற்றிற் பிறந்தது காற்றிலே கலந்தது. ஆயினும், மணமாகாத் தாய்க்குப் பிறந்த ஏழைக் குழந்தை இன்னார் மகளென்று ஆராய்ந்து அந்நாடகசாலை கதவடைத்திருக்குமாயின், அக்குரலும் இல்லை. அக்குரலாற் கற்ற பிள்ளைகளும் இல்லை. நம் தெருக்களிலும் சன்னலருகே அமர்ந்து பாடும் குழந்தைகள் பலர் உளர். அவர்தம் குலமும் குடியும் வினவுமுன், நின்று கேட்டல் நம் கடன். கேட்டபின், அவசரப்பட்டு மேடையேற்றாது, காத்துக் கற்பித்தல் அதனினும் பெருங்கடன்.