கிருமியைக் கண்ணுக்குக் காட்டிய சகோதரர்கள்

ஜெர்மனியில் ஹைடல்பர்க் என்று ஒரு நகரம். அங்கே 1906-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி எர்ன்ஸ்ட் ரஸ்கா பிறந்தார். ஏழு குழந்தைகளில் அவர் ஐந்தாவது.

தந்தை ஒரு பேராசிரியர். அவருடைய அறையில் பெரிய மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. அப்பா காட்டும்போது பிள்ளைகள் பார்க்கலாம்; தொடக் கூடாது!

அந்தச் சிறுவன்தான், பின்னாளில் அதைவிடப் பன்மடங்கு சக்தி வாய்ந்த மைக்ராஸ்கோப்பைச் செய்தார்.

ஒளியின் எல்லை

சாதாரண மைக்ராஸ்கோப், ஒளியைக் கொண்டு பொருளைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஒளி அலை அலையாகச் செல்வது. கடலில் வரும் பெரிய அலை, சிறு குச்சியைப் பொருட்படுத்தாமல் தாண்டிப் போய்விடும் அல்லவா? அதுபோல, மிக நுண்ணிய பொருளை ஒளி காட்டாது. அம்மை, இளம்பிள்ளை வாதம் முதலிய நோய்களைத் தரும் வைரஸ் கிருமிகள் பல, இப்படித்தான் மனிதர் கண்ணில் படாமல் இருந்தன.

ரஸ்கா பெர்லினில் என்ஜினீயரிங் படித்தார். எலெக்ட்ரான் என்னும் மின் துகளை, கம்பிச் சுருளின் காந்த சக்தியால் வளைக்கலாம். கண்ணாடி வில்லை ஒளியை வளைப்பது போல! எலெக்ட்ரானின் அலையோ ஒளியின் அலையைவிட மிக மிகச் சிறியது.

படிப்பு முடிந்ததும் வேலை கிடைக்கவில்லை. எங்கும் பண நெருக்கடி. சம்பளம் இல்லாமலே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1931-ல் மாக்ஸ் நோல் என்பவருடன் சேர்ந்து முதல் கருவியைச் செய்தார். அது பொருளைச் சுமார் 17 மடங்குதான் பெரிதாக்கியது. 1933-ல் அவர் செய்த கருவி 12,000 மடங்கு பெரிதாக்கியது!

ஈரமே எதிரி

ஆனாலும் பணம் போட யாரும் முன்வரவில்லை. காரணம் இருந்தது. காற்று இருந்தால் எலெக்ட்ரான் சிதறிவிடும். ஆகவே கருவிக்குள் காற்றே இருக்கக் கூடாது. காற்று இல்லாத இடத்தில் தண்ணீர் ஆவியாகிவிடும். உயிருள்ள மெல்லிய பொருள்கள் வற்றிச் சுருங்கும். எலெக்ட்ரான் தாக்கினால் கருகும். பிறகு எதைப் பார்ப்பது?

எர்ன்ஸ்டின் தம்பி ஹெல்முட், டாக்டருக்குப் படித்தவர். நோயை ஆராய இந்தக் கருவி உதவும் என்று அவர் உறுதியாக நம்பினார். நண்பர் போடோ வான் போரிஸும் துணை நின்றார். மூன்று ஆண்டுகள் பல இடங்களில் முயன்றார்கள். 1936-ல் ஹெல்முட்டின் பேராசிரியர் ஆதரவாக எழுதிக் கொடுத்தார். 1937-ல் சீமன்ஸ் கம்பெனி இடம் கொடுத்தது. 1939-ல் கருவி விற்பனைக்கு வந்தது.

கிருமிகளை மெல்லிய ஏட்டில் பரப்பி, உலர்த்தி, ஹெல்முட் படம் பிடித்தார். வைரஸ் கிருமிகளின் உருவத்தை உலகம் கண்டது!

ஈரத்தின் சிக்கல் மட்டும் நீடித்தது. 1980-களில் ஜாக் டுபோஷே என்ற விஞ்ஞானி, தண்ணீரைக் கண் இமைக்கும் நேரத்தில் உறைய வைத்து, உள்ளிருக்கும் பொருள் சுருங்காமல் பார்க்க வழி கண்டார். 2003-ல் மிக மெல்லிய இரு தகடுகளுக்கு இடையே திரவத்தை அடைத்து, அதில் நடப்பதை நேரிலேயே பார்த்தார்கள். எலெக்ட்ரான் தாக்கி மெல்லிய பொருள் சிதையும் தொல்லை மட்டும் இன்றும் தீரவில்லை. அதனால் எலெக்ட்ரானை அளந்து, குறைவாகவே செலுத்துகிறார்கள்.

காலம் கடந்த பரிசு

1986-ல் ரஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு 80 வயது நிறையச் சில நாட்களே இருந்தன. போரிஸ் 1956-லும், நோல் 1969-லும், தம்பி ஹெல்முட் 1973-லும் மறைந்துவிட்டனர். இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு கிடையாது. நால்வர் பாடுபட்ட வேலைக்கு, எஞ்சியிருந்த ஒருவரே மேடை ஏறினார்.

1988-ம் ஆண்டு மே 27-ந் தேதி எர்ன்ஸ்ட் ரஸ்கா காலமானார்.