பேச்சில் வென்றவர், வாக்கில் தோற்றவர்

சென்ற மாதம் விவாதப் போட்டியில் எங்கள் குழு தோற்றது. எதிரணியோடு கைகுலுக்கக்கூட நிற்காமல், நடுவர்களைக் குறை சொல்லியபடியே வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம் வரலாற்றுப் பாடத்துக்காக எமிலியோ காஸ்தெலாரைப் பற்றிப் படித்தேன்.

காஸ்தெலார் 1832இல் ஸ்பெயினின் காடிஸ் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 1854இல் மட்ரிட் நகரின் பெரிய நாடக அரங்கில் அவர் ஆற்றிய உரை, ஒரே நாளில் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. அப்போது அவருக்கு வயது 22. பின்னர் வரலாற்றுப் பேராசிரியரானார். 1865இல் அரசியைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். மறு ஆண்டு, தோல்வியடைந்த ஒரு கிளர்ச்சியின் தொடர்பில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிரான்சுக்குத் தப்பிச் சென்றார்.

1868 புரட்சியில் அரசி நாட்டைவிட்டு வெளியேற, தாயகம் திரும்பி நாடாளுமன்ற உறுப்பினரானார். ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் அடிமைகளை உடனே விடுவிக்க வேண்டும் என்று 1870இல் வாதாடினார். அரசு முடியாது என்று சொல்லவில்லை; படிப்படியாகச் செய்வோம் என்றது. அவ்வாண்டுச் சட்டத்தால் முதியவர்களும் புதிதாகப் பிறந்த குழந்தைகளுமே முதலில் பயனடைந்தனர். போர்ட்டோ ரிக்கோ 1873 வரையிலும் கியூபா 1886 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது. தாமதிப்பதும் ஒருவகை மறுப்புதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

1873இல் ஸ்பெயின் குடியரசானது. செப்டம்பரில் காஸ்தெலார் அதன் தலைவரானார். நாடு உள்நாட்டுப் போரில் தவித்தது. பேச்சால் உயர்ந்த அவரே, சிறப்பு அதிகாரம் பெற்று, நாடாளுமன்றம் கூடாத மூன்று மாதங்களுக்கும் மேலாக ஆட்சி நடத்தினார். அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

1874 ஜனவரி 3, அதிகாலை. மீண்டும் கூடிய அவையில் 100க்கு 120 என்ற வாக்குக் கணக்கில் அவர் தோற்றார். அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்குள் ஜெனரல் பாவியாவின் படையினர் அவைக்குள் புகுந்து உறுப்பினர்களை வெளியேற்றினர். காஸ்தெலாரே ஆட்சியில் நீடிக்க வேண்டும் என்பது பாவியாவின் விருப்பம். தம்மைத் தோற்கடித்த அவையைக் கலைத்துத் தரப்பட்ட பதவியை அவர் ஏற்கவில்லை. 1899இல் மறைந்தார்.

அடுத்த சுற்றில் நாங்கள் தோற்றாலும், எதிரணியோடு கைகுலுக்கிவிட்டுத்தான் அரங்கைவிட்டு வெளியே வருவேன்.