மணி அடித்த செடி

செடிக்கு வாய் இல்லை. ஆனாலும் அது செய்யும் வேலையை மணி அடித்துச் சொல்ல வைத்தார் ஓர் இந்திய விஞ்ஞானி. அவர்தான் ஜகதீச சந்திர போஸ்.

இன்று வங்காள தேசத்தில் உள்ள மைமன்சிங்கில், 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி போஸ் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் சர்க்கார் அதிகாரி. ஆனாலும் மகனை முதலில் இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பவில்லை. தாய்மொழி படிக்கட்டும் என்று வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே ஏழை வீட்டுப் பிள்ளைகள் போசுக்குத் தோழர்கள் ஆனார்கள்.

சம்பளம் வேண்டாம்!

இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய போஸ், 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியர் ஆனார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்று இருந்த காலம் அது. குறைந்த சம்பளத்தைத் தொட போஸ் மறுத்தார். ஆனால் பாடம் நடத்துவதை நிறுத்தவில்லை. 3 ஆண்டுகள் சம்பளம் இல்லாமலே வேலை பார்த்தார். வீட்டிலோ தந்தைக்குக் கடன். கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. பழைய பாக்கியோடு முழுச் சம்பளம் கிடைத்தது. கடனை அடைக்க அந்தப் பணம் உதவியது.

1917-ல் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார்.

வெயிலும் மணியும்

செடி, பகல் வெளிச்சத்தில் கரியமில வாயுவை எடுத்து உணவு தயாரிக்கிறது. பிராண வாயுவை வெளியே விடுகிறது. இதை அளக்க, போஸ் ஒரு நீர்ச்செடியைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடிப் புட்டியில் வைத்தார். செடி விட்ட பிராண வாயு மேலே சேர்ந்தது. அது குமிழாக வெளியேறும் ஒவ்வொரு முறையும் மின்சார மணி அடித்தது. வெயில் ஏறினால் மணி வேகமாக அடித்தது. வெளிச்சம் குறைந்தால் தயங்கித் தயங்கி அடித்தது! இந்த ஆராய்ச்சியை 1924-ல் நூலாக வெளியிட்டார்.

புட்டிக்குள் நடந்த வேலைதான் பெரிய மரங்களிலும் நடக்கிறது. திருவண்ணாமலையில் பகலில் கிரிவலம் வருவோரின் தலைக்கு மேலே நடப்பதும் அதுதான். மரத்தின் இலைகளில், கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் வழியாக வாயுக்கள் போய் வருகின்றன. காற்று அசையாமல் நின்றால், இலையை ஒட்டிய காற்றில் கரியமில வாயு குறைந்துவிடும். தென்றல் கிளைகளை அசைத்தால் புதுக் காற்று வந்து சேரும். மனிதரைப் போலவே இலைக்கும் காற்றோட்டம் வேண்டும்.

1937 நவம்பர் 23-ந் தேதி, கிரிதி என்ற ஊரில் போஸ் காலமானார். அவர் தொடங்கிய நிலையத்தில் இன்றும் ஆராய்ச்சி நடந்து வருகிறது.