சுரங்கத்துக்குள் இறங்கிய அம்பேத்கர்

அம்பேத்கர் என்றதும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நினைவில் வருவது கோட்டு போட்டு, கையில் அரசியல் சட்டப் புத்தகத்துடன் நிற்கும் சிலைதான். நான்கு ஆண்டுகள் இந்தியாவின் தொழிலாளர் துறையைப் பொறுப்பேற்று நடத்தியவர் அவர் என்பது, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் கால் வைக்கிற பலருக்கும் தெரியாது.

தொழிலாளர் பாடு அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயமல்ல. பம்பாயில் மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பரேலில் பல ஆண்டுகள் குடியிருந்தவர். அந்த மில்களில் நெசவுப் பிரிவில் கூலி அதிகம். தறி நாடாவில் தார் மாற்றும்போது நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். பலர் வாய் வைக்கும் நாடா நோய் பரவ வழி. மில்லில் அந்தக் கவலை யாருக்கும் இல்லை. எச்சில் பட்டால் தீட்டு என்று சொல்லி, தலித் தொழிலாளரை நெசவுப் பிரிவுக்குள் விடாமல் வைத்திருந்தார்கள். 1928 மில் வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையில் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் வாதாடினார். அவர்கள் அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டார்கள்.

1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938 நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்த்து, கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாயில் ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்.

1942 ஜூலையில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். இன்றைய கணக்கில் மத்திய அமைச்சர் பதவி. 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனவர், அலுவலகத்தில் கணக்கு கேட்டுவிட்டுத் திரும்பவில்லை. நிலத்துக்கடியில் இறங்கி, கரி வெட்டும் இடத்தையும் தொழிலாளர் குடியிருப்பையும் நேரில் பார்த்தார். அடுத்த மாதமே, 1944 ஜனவரியில், சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. நிலக்கரிக்கு ஒரு தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் மருத்துவமனை, வீடு, குடிநீர் என்பது ஏற்பாடு. சுரங்க வாசலில் குளியலறையும், தாய்மார் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் சட்டத்தில் ஏறின.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்ற தடை, போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காட்டி 1943இல் தளர்த்தப்பட்டது. சட்டசபையில் கண்டனம் எழுந்தபோது அரசின் முடிவுக்காக வாதாட வேண்டிய நாற்காலியில் இருந்தவர் அம்பேத்கர். இது தற்காலிகம், ஆணுக்குள்ள கூலியே பெண்ணுக்கும் என்று பதில் சொன்னார். அந்தப் பதில் அன்றும் எல்லோருக்கும் ஏற்புடையதாக இல்லை. தடை 1946 பிப்ரவரியில் மீண்டும் அமலானது.

அதே 1946இல் அவர் கொண்டுவந்த திருத்தத்தால், ஆண்டு முழுதும் ஓடும் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி நேர வேலை 48 ஆகக் குறைந்தது. நோயுற்ற தொழிலாளிக்கான காப்பீட்டுத் திட்டத்தைத் தயாரிக்கப் பேராசிரியர் அதார்க்கரை நியமித்ததும் அவர் பொறுப்பில் இருந்தபோதுதான். 1944இல் வந்த அந்த அறிக்கையிலிருந்து பிறந்தது 1948இன் இ.எஸ்.ஐ. சட்டம். அது நிறைவேறியபோது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். அவரும் தலித் தலைவர்.

1948 தொழிற்சாலைச் சட்டம் உப்பளத்துக்குப் பொருந்துமா என்ற வழக்கு பம்பாய் மாகாணத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. கூரையில்லாத வெட்டவெளியானாலும், கடல்நீரை உப்பாக்கும் இடம் தொழிற்சாலையே என்று 1961இல் தீர்ப்பானது. அம்பேத்கர் 1956 டிசம்பர் 6 அன்றே காலமாகிவிட்டார். வெள்ளைப் பாத்தியின் கூச்சத்தில் கண்ணும், உப்புநீரில் பாதமும் புண்ணாகிற நம் கடற்கரைப் பெண்கள், குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி கேட்கும்போது கையில் எடுக்க வேண்டிய தீர்ப்பு அது.